அடுக்களையில் எத்தனை பழைய போத்தல்கள்?

தாய்மார்களே! இந்தக் கட்டுரையைப் படிக்கும் முன் ஒரு சிறு வேலை செய்யுங்கள். எழுந்து போய் உங்கள் அடுக்களையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு வாருங்கள். (ஐயாமார்கள் போனாலும் தவறில்லை!)

பார்த்தாகிவிட்டதா? மிளகாய்த்தூள் எதில் இருக்கிறது? சத்துமாவு வந்த போத்தலில். ஐஸ்பெட்டியில் ஐஸ்கிரீம் டப்பாவைக் கண்டு பேரப்பிள்ளை ஆசையோடு திறந்தால், உள்ளே நேற்று வைத்த மீன் குழம்பு. பிஸ்கட் டின்னில் ஊசியும் நூலும். சரி, அரிசி எதில் இருக்கிறது? ஊறுகாய்க்கு மாங்காய் ஊறுவது எதில்? சுவருக்குச் சாயம் அடித்தவர் விட்டுப்போன வாளியில் இல்லையே?

ஒரு பொருளையும் வீணாக்காமல் வளர்ந்தவர்கள் நாம். பால் டின்னில் அரிசி அளந்தோம். அதே டின்னில் துளையிட்டுக் கயிறு கட்டி, கடையிலிருந்து காப்பி வாங்கி வந்தோம். மண்ணெண்ணெய் டின்னை வெட்டித் தகடாக்கிக் கோழிக் கூண்டுக்குக் கூரை போட்டோம். இந்தச் சிக்கனத்தை நான் ஒருபோதும் குறை சொல்ல மாட்டேன். அது இல்லாமல் நம்மில் பலர் படித்திருக்கவே முடியாது. ஆனால், டப்பா காலியாகிவிட்டது என்று நாம் எதை வைத்து முடிவு செய்கிறோம்? கவிழ்த்தால் ஒன்றும் விழவில்லை, அதனால் காலி. இந்தக் கணக்கு எல்லா நேரத்திலும் சரியாக வருவதில்லை.

படிக்கட்டின் கீழே ஒரு சோடா போத்தல்

எழுபதுகளின் நடுப்பகுதி. நான் இரண்டாம் வகுப்பில் இருந்தேன். லயத்தில் எங்களுக்கு மூன்று வீடு தள்ளி ஒரு மாமா இருந்தார். இரத்த உறவு இல்லை. தோட்டத்தில் எல்லாரும் மாமாதானே. அவருக்கு வெளிக்காட்டில் மருந்தடிக்கும் வேலை. வீட்டுக்குப் பின்னால் கத்தரியும் வெண்டியும் போட்டிருந்தார். களை பிடுங்க நேரமில்லை. அதனால் வேலைக்காட்டிலிருந்து கொஞ்சம் புல் மருந்தை ஒரு சோடா போத்தலில் ஊற்றி வந்து, படிக்கட்டுக்குக் கீழே வைத்திருந்தார்.

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு, பட்டணத்திலிருந்து அவருடைய மைத்துனர் வந்திறங்கினார். மெயின் ரோட்டிலிருந்து தோட்டத்துக்குள் நடந்தே வந்த களைப்பு. சாயங்கால இருட்டு. கையைக் கழுவக் குனிந்தவர் கண்ணில் போத்தல் பட்டது. கருப்பாக ஏதோ பானம். பண்டிகைக்கு வாங்கி வைத்தது என்று எண்ணி, ஒரு வாய் குடித்துவிட்டார்.

உடனே துப்பிவிட்டார். வாயைக் கொப்பளித்தார். "ஒண்ணுமில்ல அக்கா, துப்பிட்டேன். டீத்தண்ணி குடுங்க" என்று சொன்னதை நானே கேட்டேன். அன்றிரவு எங்களோடு உட்கார்ந்து முறுக்குப் பிழிவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். தீபாவளியன்று வாயெல்லாம் புண். அதற்கும் இரண்டு நாள் கழித்து மூச்சு வாங்கியது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். பத்தாம் நாள் செய்தி வந்தது.

அந்தப் புல் மருந்துக்குப் பாராகுவாட் என்று பெயர். 1962 முதல் உலகச் சந்தையில் இருந்தது. ஒரு வாய் உள்ளே போனாலே போதும்; நுரையீரல் நாளுக்கு நாள் கெட்டிப்பட்டுப் போகும். இதற்கு மாற்று மருந்து இன்றுவரை கிடையாது. தொடக்க காலத்தில் விற்கப்பட்ட கரைசல் கரும்பழுப்பு நிறத்தில், கோலா பானத்தைப் போலவே இருந்தது. சோடா போத்தலில் ஊற்றி வைத்ததைப் பானம் என்று எண்ணிக் குடித்தவர்கள் பல நாடுகளில் இறந்தார்கள். அதன் பிறகுதான், எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளிலும், அதில் நீலச் சாயமும் துர்நாற்றமும் வாந்தி வரவழைக்கும் மருந்தும் கலக்கத் தொடங்கினார்கள். மலேசியா 2002-இல் அதற்குத் தடை அறிவித்தது, 2006-இல் தளர்த்தியது, பல்லாண்டுப் போராட்டத்துக்குப் பிறகு 2020 ஜனவரி முதல் நாளில் முழுத் தடை நடப்புக்கு வந்தது.

பாராகுவாட் போய்விட்டது, அன்பர்களே. ஆனால் சோடா போத்தல் போகவில்லை! தரை துடைக்கும் திரவம், குழாய் அடைப்பு நீக்கும் மருந்து, தின்னர், பேட்டரித் தண்ணீர் என்று எதையாவது மினரல் தண்ணீர் போத்தலில் ஊற்றி வைக்காத வீடு எத்தனை?

தவறு எதிர்ப்பக்கமாகவும் நடக்கும். 2013 ஜூலையில் இந்தியாவின் பீகார் மாநிலத்தில், சாரண் மாவட்டத்துக் கிராமப் பள்ளி ஒன்றில் மதிய உணவு சாப்பிட்ட பிள்ளைகளில் 23 பேர் இறந்தனர். சமைத்த எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்னும் பூச்சி மருந்து இருந்ததைப் பரிசோதனை காட்டியது. பூச்சி மருந்து வைத்திருந்த கொள்கலனில் எண்ணெயை ஊற்றி வைத்திருந்ததாகச் செய்திகள் கூறின. எங்கள் லயத்தில் நஞ்சு, பானத்தின் போத்தலுக்குள் புகுந்தது. அங்கே உணவு, நஞ்சின் டின்னுக்குள் புகுந்தது.

சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டில் இதற்குச் சட்டம் இருக்கிறதா என்று கேட்பீர்கள். இருக்கிறது. நல்ல சட்டமாகவே இருக்கிறது. 1952-ஆம் ஆண்டின் பழைய சட்டத்தை மாற்றி 1983-இல் உணவுச் சட்டம் வந்தது. அதன் விரிவான விதிமுறைகள் 1985 அக்டோபர் முதல் நாளில் நடப்புக்கு வந்தன. அவற்றில் ஒரு பகுதி முழுவதும் உணவைத் தொடும் பொருள்களைப் பற்றியது. பொட்டலம் மட்டுமல்ல, கருவி, கொள்கலன், பாத்திரம் எல்லாம் இதில் அடங்கும்.

அதன் முதல் விதி, உள்ளே இருக்கும் உணவுக்கு நஞ்சையோ தீங்கையோ கெட்ட வாடையையோ தருகிற, அல்லது தரக்கூடிய எந்தப் பாத்திரத்தையும் விற்கக் கூடாது, வியாபார உணவுக்குப் பயன்படுத்தவும் கூடாது என்கிறது. "தரக்கூடிய" என்ற சொல்லைக் கவனியுங்கள். யாராவது மயங்கி விழும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பாத்திரம் அப்படிப்பட்டது என்றாலே குற்றம்தான்.

இன்னொரு விதி நேராக நம் போத்தல் கதைக்கே வருகிறது. உணவல்லாத ஒன்றுக்குப் பயன்பட்ட, அல்லது அதற்கென்றே செய்யப்பட்ட கொள்கலனை விற்பனை உணவுக்குப் பயன்படுத்தவே கூடாது. கழுவினேன், வெயிலில் காய வைத்தேன், புதிதாக வாங்கினேன் என்ற சமாதானங்களுக்கு இங்கே இடமில்லை. சீனி, மாவு போன்றவற்றை, முன்பு வேறொன்றுக்குப் பயன்பட்ட சாக்கில் அடைத்து விற்கவும் தடை உண்டு. சிங்கப்பூரின் உணவு விதிகளும் கொள்கலனிலிருந்து உணவுக்கு நஞ்சு இறங்கக் கூடாது என்றே சொல்கின்றன.

அங்காடிக் கடையில் சாய வாளியில் சாம்பார் இருப்பதைக் கண்டால் மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் நீங்கள் புகார் செய்யலாம். ஆனால் ஒன்றைப் பார்த்தீர்களா? இந்த விதிகள் எல்லாம் விற்பனைக்கான உணவையே காவல் காக்கின்றன. உங்கள் அடுக்களைக்குள் அதிகாரி வரமாட்டார். அங்கே அதிகாரியும் நீங்கள்தான், குற்றவாளியும் நீங்கள்தான்!

"மூன்று தடவை கழுவினேன்"

என் அம்மா சொன்ன சமாதானம் இது. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன். முதலில், கழுவினால் ஏன் போகாது என்று பார்ப்போம்.

சாம்பார் வைத்த பிளாஸ்டிக் டப்பாவை எண்ணிப் பாருங்கள். எத்தனை சவர்க்காரம் போட்டாலும் மஞ்சள் கறை போகிறதா? கறை மேலே ஒட்டிக்கொண்டிருந்தால் தேய்க்கப் போய்விடும். அது பிளாஸ்டிக்குக்கு உள்ளேயே புகுந்துவிட்டது. நம் கண்ணுக்குப் பிளாஸ்டிக் இறுக்கமான சுவர். எண்ணெய்க்கும் எண்ணெயில் கரையும் மருந்துகளுக்கும் அது கிட்டத்தட்ட ஒரு பஞ்சு. மண்ணெண்ணெய் வைத்த பிளாஸ்டிக் தோண்டியைக் கழுவி, மூடி வைத்து, ஒரு வாரம் கழித்துத் திறந்து முகர்ந்து பாருங்கள். உள்ளே போனது மெல்ல மெல்ல வெளியே வரும். மண்ணெண்ணெய்க்காவது வாடை உண்டு. வாடையும் நிறமும் இல்லாதது வந்தால் எப்படித் தெரியும்?

சூடு, எண்ணெய், புளிப்பு, நேரம் ஆகிய நான்கும் பாத்திரத்திலிருந்து பொருள்களை உணவுக்கு இழுக்கின்றன. நம் சமையலைப் பாருங்கள். புளிக்குழம்பு கொதிக்கக் கொதிக்க, நல்லெண்ணெய் மிதக்க, மறுநாளுக்கும் வைக்கிறோம். நான்கும் ஒரே சட்டியில்! வெள்ளைக்காரர் பிஸ்கட்டுக்குச் சரியாக இருக்கும் டப்பா நம் புளிக்குழம்புக்குச் சரிப்படும் என்று எப்படிச் சொல்வது?

புளிப்பின் வேலைக்கு ஒரு பழைய சான்று உண்டு. 1928-இல் இங்கிலாந்தில் சுமார் எழுபது பேர் எலுமிச்சைப் பானம் குடித்துவிட்டு வாந்தியும் வயிற்று வலியுமாக விழுந்தார்கள். பானத்தில் கெடுதல் இல்லை. அதைக் கலந்து வைத்த வாளியின் எனாமல் பூச்சில் ஆன்டிமணி என்னும் உலோகம் இருந்தது. எலுமிச்சைப் புளிப்பு அதைக் கரைத்து எடுத்துவிட்டது. எனாமல் என்றால் வேறொன்றுமில்லை, நம் மங்குதான். எனாமல் பூசிய, பளபளப்பு ஏற்றிய பாத்திரங்களிலிருந்து காரீயம், ஆன்டிமணி, ஆர்சனிக், காட்மியம் உணவுக்கு வரக் கூடாது என்று நம் 1985 விதிமுறைகள் பெயர் சொல்லியே குறிக்கின்றன. பாட்டி காலத்து மங்குக் கோப்பை உங்களிடம் இருந்தால் தூக்கி எறியச் சொல்லவில்லை. பூச்சு உதிர்ந்திருந்தால் அதில் மோர், ரசம், ஊறுகாய் வைக்காதீர்கள். அலமாரியில் அழகாக இருக்கட்டும்.

ஈயம் என்றால் எது?

காரீயம் என்றதும் நினைவுக்கு வருகிறது. நம் மொழியில் ஈயம் என்று ஒரே சொல்லால் இரண்டு உலோகங்களைச் சொல்கிறோம். வெள்ளீயம் வேறு, காரீயம் வேறு. ரசம் வைக்கும் ஈயச் சொம்பும், பித்தளைக்குப் பூசும் ஈயமும் வெள்ளீயமாக இருக்க வேண்டும். பேராவின் கிந்தா பள்ளத்தாக்கில் தோண்டி எடுத்து உலகத்துக்கே டின்னாக அனுப்பினோமே, அதுதான். (உணவு விதிமுறைகள் நடப்புக்கு வந்த அதே 1985 அக்டோபரில்தான் உலக ஈயச் சந்தை கவிழ்ந்தது. ஈப்போ பக்கத்து வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.) காரீயம் வேறு குணம். அது குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். உடம்பில் சேர்ந்தால் எலும்பில் ஆண்டுக்கணக்கில் தங்கும். விலை குறைவு என்பதற்காக வெள்ளீயத்தில் காரீயத்தைக் கலப்பவர்கள் உண்டு. தகர டப்பாவின் ஓரத்தைக் காரீயம் கலந்து பற்றவைக்கும் வழக்கமும் நெடுங்காலம் இருந்தது. அமெரிக்கா உணவு டப்பாக்களில் அதை 1995-இல்தான் தடை செய்தது!

ஆகவே ஊரிலிருந்து வரும்போது வழியோரத்தில் மலிவாகக் கிடைத்தது என்று ஈயச் சொம்பு வாங்கி வராதீர்கள். கண்ணால் பார்த்து யாராலும் உறுதி சொல்ல முடியாது. அன்னாசி, தக்காளி போன்ற புளிப்பான டின் உணவைத் திறந்தால் மீதியைக் கண்ணாடிப் பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள். காற்றுப் பட்ட பிறகு தகரம் விரைவாகக் கரையும். அப்படியே ஐஸ்பெட்டியில் வைப்பது சோம்பேறித்தனம், நானும் செய்திருக்கிறேன்.

பிளாஸ்டிக் எண்ணும் கிண்ணப் படமும்

பிளாஸ்டிக்கின் அடியில் முக்கோணத்துக்குள் ஓர் எண் இருக்குமே, அதைப் பார்த்து வாங்குங்கள் என்று பலர் சொல்கிறார்கள். பாதிதான் உண்மை. அந்த எண் என்ன வகைப் பிளாஸ்டிக் என்று மறுசுழற்சிக்காரருக்குச் சொல்வது. அதில் சோறு வைக்கலாம் என்று அது சொல்லவில்லை. 2, 5 என்ற எண்கள் உணவு டப்பாவிலும் இருக்கும், சாய வாளியிலும் இருக்கும். நீங்கள் தேட வேண்டியது கிண்ணமும் முள்கரண்டியும் போட்ட சின்னப் படம், அல்லது உணவுக்கானது என்ற எழுத்து.

ஆனால் எண் ஒன்றைக் காட்டும்: எவ்வளவு சூடு தாங்கும் என்பதை. 1 போட்ட தண்ணீர்ப் போத்தலில் கொதிநீர் ஊற்றினால் அது சுருங்கிக் கோணலாகிவிடும். 6 போட்ட வெள்ளைப் பெட்டி சுமார் 100 டிகிரியில் இளகும். பொரித்த கோழி வருவது 170, 180 டிகிரி எண்ணெயிலிருந்து. 5 போட்டது உருக ஏறக்குறைய 160 டிகிரி வேண்டும். அதனால்தான் சூடான உணவுக்கு அதைப் பயன்படுத்துகிறார்கள். அதற்காக அடுப்பிலிருந்து இறக்கிய எண்ணெயை அதில் ஊற்றலாம் என்று அர்த்தமில்லை. கடையில் கறியை வாங்கி வந்தால் வீட்டுக்கு வந்ததும் மங்கிலோ எவர்சில்வரிலோ மாற்றிவிடுங்கள். மெலமைன் தட்டு, கோப்பையில் சுடச்சுடப் புளிப்பானதை வைப்பதும், அவற்றை மைக்ரோவேவில் சுட வைப்பதும் வேண்டாம். அதிலிருந்து மெலமைனும் பார்மால்டிஹைடும் இறங்கும்.

ஒவ்வொரு விதிக்குப் பின்னாலும் ஒரு துயரம் இருக்கிறது. நம் விதிமுறைகளில், பி.வி.சி. கொள்கலனில் வினைல் குளோரைடு கிலோவுக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது, உள்ளிருக்கும் உணவில் 0.05 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று ஒரு வரி வரும். படித்தால் தூக்கம் வரும். ஆனால் 1974-இல் அமெரிக்காவின் லூயிவில் நகரில் பி.வி.சி. தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கு அபூர்வமான ஈரல் புற்றுநோய் வந்து இறந்ததைக் கண்டுபிடித்த பிறகுதான், உலகம் இந்த வாயுவை உணவுப் போத்தலிலும் தேட ஆரம்பித்தது. மருந்தடித்த நம் மாமாவைப் போல, அங்கும் முதலில் அடிபட்டவன் தொழிலாளிதான்.

பால் புட்டிக் கதையும் உண்டு. பிஸ்பினால் ஏ என்னும் பொருள் உள்ள பாலிகார்பனேட் பால் புட்டிகளை மலேசியா 2012 மார்ச் முதல் நாளிலிருந்து தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பரில் இன்னும் ஒரு படி போய், உணவைத் தொடும் பொருள்களில், டப்பாவின் உள்பூச்சு உட்பட, அதை விலக்க முடிவெடுத்தது. மகளின் பிள்ளைக்கு என்று பரணில் எடுத்து வைத்த பழைய பால் புட்டி இருந்தால், பாட்டிமார்களே, அந்த ஆசையை விட்டுவிடுங்கள்.

செய்தித்தாளில் வடை கட்டித் தருவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. சூடும் எண்ணெயும் சேர்ந்து அச்சு மையை வடைக்கு ஏற்றிவிடும். இந்தியாவின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-இல் இதை எச்சரித்து, பின்னர் விதியாகவே தடுத்தது. வாழை இலையை உள்ளே வைத்து, தாளை வெளியே சுற்றும் நாசி லெமாக்காரர் நம்மைவிட விவரமானவர். வடைக்காரரிடம், "அண்ணே, ஓர் இலைத் துண்டு வெச்சுக் குடுங்க" என்று கேட்பதில் வெட்கம் ஒன்றுமில்லை.

அந்த டிரம்

அம்மாவின் கதைக்கு வருகிறேன். அந்தத் தீபாவளிக்கு முன் எங்கள் வீட்டுப் பின்புறத்தில் ஒரு பெரிய டிரம் இருந்தது. தோட்டத்து ஸ்டோரில் மருந்து தீர்ந்த பிறகு அப்பா கேட்டு வாங்கி வந்தது. நல்ல கனமான டிரம். குழாயில் தண்ணீர் காலையும் மாலையும் மட்டும்தான் வரும். அதனால் அதில் பிடித்து வைப்போம். குளிக்க, துணி துவைக்க. தட்டுப்பாடு வந்தால் சோறு வடிக்கவும்.

மைத்துனர் இறந்த செய்தி வந்த மறுநாள் காலையில், அப்பா பெரட்டுக்குப் போய் வந்தவர், சாப்பிடாமல் நேராகப் பின்பக்கம் போனார். டிரம்மைச் சாய்த்துத் தண்ணீரைக் கொட்டினார்.

"என்னங்க இது! நான்தான் சவர்க்காரம் போட்டு மூணு தடவ கழுவினேனே. ஒரு வாடையும் இல்லையே!" என்றார் அம்மா.

அப்பா பதில் சொல்லவில்லை. மருந்து டப்பாவை மூன்று முறை அலசி, ஓட்டை போட்டு, யாரும் எடுக்காதபடி செய்ய வேண்டும் என்று இன்று மருந்தடிப்பவர்களுக்குச் சொல்லித் தருகிறார்கள். அவருக்கு அதை யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை. கடப்பாரையை எடுத்து வந்து அடிப்பாகத்தில் நான்கு இடத்தில் குத்தினார். பக்கத்து வீட்டு அத்தை ஓடி வந்து, "வேணாம்னா எனக்குக் குடுத்திருக்கலாமே, தம்பி" என்று கேட்டார்.

"அதுக்குத்தான் அக்கா குத்துறேன்" என்றார் அப்பா.